பாஸ்க் நாட்டில் ஒரு பாரணை

மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக, ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டுக்கு ஆறு நாள் பயணம் ஒன்றை இரகசியமாகத் திட்டமிட்டேன். எல்லர்ஸ்லியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, எந்தக் கடையில் பாணின் மேல் நெத்தலி, எந்தத் திராட்சைத் தோட்டத்தில் வெள்ளை வைன் என்று குதூகலமாகப் பட்டியல் போட்டேன். போகும் திகதியை மாற்ற முடியாத டிக்கெட்டும் எடுத்தாயிற்று; திரும்பும் நாளை மட்டும் தள்ளலாம்.

சனிக்கிழமை காலை தாள்களை நீட்டினேன். ஆசையாக வாசித்தவள், திகதியைக் கண்டதும் சுவரிலிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தாள்.

"ஆறு நாளும் கந்தசஷ்டியப்பா."

இருபது வருடமாக அவள் பிடிக்கும் விரதம். அந்த நாட்களிலும் என் தட்டில் சோறு கறி குறைந்ததில்லை. அது எப்போது வந்து போகிறதென்று நான் ஒருமுறையும் கவனித்ததில்லை.

அவள் சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தாள். "ஆறு நாளும் நான் கார் ஓடுறன், நீங்கள் குடியுங்கோ. இன்னொரு நாள் கூட்டுங்கோ. அண்டைக்குக் காலமை ரைஸ் குக்கரில சோறு வைச்சு விரதம் முடிக்கிற பாரணை, பின்னேரம் எனக்கும் உங்கட நெத்தலி, வைன்."

"அண்டைக்கு ஆர் கார் ஓடுறது?"

"நீங்கள்தான்."

இப்போது எங்கள் பட்டியலில் ஏழாம் நாள் மட்டும் இரண்டு பக்கம். பட்டினியோடு எனக்குப் பரிமாறியவள் சாப்பிடுவதை அன்று பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறேன், கையில் தண்ணீர்ப் போத்தலோடு.