நாலாவது தோளுக்குக் காத்திருந்த அந்தோனியார்

அற்புதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. புனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்வதில் மட்டும் ஆர்வம் உண்டு. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய அந்தோனியார் சிற்றாலயம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மழை சற்று ஓய்ந்த சனவரியில் புறப்பட்டேன்.

பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். வளைவுகள் அதிகம், காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து ஆட்டோ, போகவர 1,800 ரூபாய். ஓட்டுநர் ரவி அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். மண்சரிவு அபாயம் என்று தொழிலாளர்களின் வரிசை வீடுகளான நான்கு லயங்களையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள், சனங்கள் கீழே பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்றார்.

மேலே போனால் ஒரு லயத்துக் கூரையில் புகை. சுவரில் காலிசெய்யச் சொல்லும் சிவப்புக் குறி. தரையில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஞானமேரி அக்கா மட்டும் எறங்க மாட்டேங்குது மேடம்," என்றார் ரவி.

"எப்படிடா எறங்குறது? சாமி தனியா இருக்கே."

ஆலயத்தில் விளக்கு வைப்பவர் அவர்தான். அந்தோனியாரின் சுரூபத்தை, அதாவது சிலையை, வெளியே எடுப்பதென்றால் லயத்துக்கு ஒருவராக நால்வர் தோள் கொடுக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். ஒரு லயத்தார் மொத்தமாகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நாலாவது தோள் இல்லை. அதற்காக ஒருவர் மண்ணுக்குள் போகவும் தயாராக இருந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

"ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோகலாமே?"

"சாமிய மாவு மூட்டைன்னு நெனச்சீங்களா?"

"நான் ஓட்டுறதுல சாமியே பயந்துரும்க்கா," என்று ரவி தன்னையே கிண்டலடித்தார்.

எரிச்சலில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தோனியார் போர்த்துக்கலில் பிறந்தவர். மொரோக்கோவுக்குக் கப்பலேறிப் போய் நோயில் விழுந்தார். ஊர் திரும்பிய கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. கடைசியில் இத்தாலியில்தான் இறந்தார். யாரும் அவரைத் தோளில் சுமந்து கூட்டிப்போகவில்லை.

ஞானமேரி ரொட்டியைத் திருப்ப மறந்தார். "நோயோட கப்பல்லயா? சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லையா?"

"இல்லை."

"அப்ப நம்ம ஆளுதான். நம்ம பாட்டன் பூட்டனும் இப்படித்தானே கப்பலேறி வந்து, ஊர் திரும்பாமலே போனாங்க." கல்லிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்தார். பிறகு அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். "ரவி, சீட்டத் தொடைப்பா."

சீட்டில் அந்தோனியார். நானும் ஞானமேரியும் பின்னால் நடந்தே இறங்கினோம்.

அந்த வெடிப்பைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. இத்தனை வருடம் விளக்கேற்றியவருக்கு அந்தோனியாரின் அற்புதங்கள் எல்லாம் தெரியும். அவர் வாழ்ந்த வாழ்க்கையை யாருமே சொல்லியிருக்கவில்லை.

போக விரும்புகிறவர்கள் மேலே ஏற வேண்டாம். அந்தோனியார் இப்போது பள்ளிக்கூட வராந்தாவில் இருக்கிறார். பக்கத்துப் பாயில் ஞானமேரி இருப்பார்.