வேனுக்கு இறங்கிய லேப்டாப்

பசுமலையில் மாடியில் இருக்கும் என் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு டெஸ்க்டாப் வாங்குவதா, லேப்டாப்பா என்று நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். எல்லோரும் டெஸ்க்டாப் என்றீர்கள்.

இன்று தங்கையின் லேப்டாப்பை இரவல் வாங்கி வைத்திருந்தேன். கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்தார்கள். அவர்கள் பத்திரிகையைத் திரையில் காட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா, "எங்க அக்காவுக்கு மூட்டுவலி, கீழ வேன்லயே இருக்கு. அது பாக்காம அச்சடிக்க முடியாதும்மா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த அக்கா அதை மடியில் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேரு இம்புட்டுக் கீழயா?"

வேன் படியில் நின்றபடியே பெயரை மேலே ஏற்றினேன். உடனே ஆயிரம் பத்திரிகைக்கு ஆர்டர். இன்னும் கால் தரையில் பாவவில்லை.

டெஸ்க்டாப் கட்சிக்காரர்களே, அடுத்த அக்கா வரும்போது மானிட்டரை வேன்வரை தூக்க யார் வருகிறீர்கள்?