கூரை மேல் முப்பது ஆடுகள்

போன வாரம் தோழி கவிதாவோடு போச்சம்பள்ளிப் பக்கம் போயிருந்தேன். வேலை அவளுக்கு. எனக்கு வேடிக்கை பார்ப்பதுதான்...

கவிதா ஓசூரில் ஆர்க்கிடெக்ட். அங்கே உள்ள ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்காக, ஒரு கம்பெனி செலவில் பார்வையாளர் மையம் கட்டியிருக்கிறாள். குன்றின் சரிவைக் குடைந்து, அங்கேயே கிடைத்த கல்லில் சுவர். கூரை மேல் மண் போட்டு, புல் வளர்த்து, சரிவோடு சரிவாகச் சேர்த்துவிட்டாள். ஏ.சி. கிடையாது. உள்ளே ஜிலுஜிலு.

கம்பெனி மேனேஜருக்குத்தான் மனசு ஆறவில்லை. மதுரைக்காரர். "கட்டடம்னா கண்ணுல படணும்லம்மா? இம்புட்டு மண்ணை ஏத்தி வச்சா தாங்குமா? பேசாம எடுத்துட்டுக் கலர் ஷீட் போட்டுருவோம்" என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. அன்று அவர் நேரில் பார்த்து முடிவு சொல்லும் நாள். ஷீட் என்றால் இவளுடைய ஒரு வருட உழைப்பு குப்பைக்கு.

போய் இறங்கினால் — கூரை மேல் முப்பது ஆடுகள். ஆற அமர மேய்ந்துகொண்டிருக்கின்றன. பின்னாலேயே மேனேஜரின் காரும் வந்து நிற்கிறது.

ஆடுகளோடு நின்ற அம்மாவிடம் கவிதா ஓடினாள். பெயர் முனியம்மா. பக்கத்து ஊரிலிருந்து புதிதாக இந்தப் பக்கம் ஓட்டி வருகிறவர்.

"ஏம்மா, கூரை மேல ஆட்ட ஏத்தி வுட்டிருக்கியே?"

"கூரையா? எங்கம்மா கூரை? மேட்டுல புல்லு நல்லா வந்திருக்குதேன்னு நாலு நாளா இங்கதான் மேய்க்கறேன்."

கையைப் பிடித்து முன்பக்கம் அழைத்து வந்தோம். கதவு, ஜன்னல், ஹால்... எல்லாம் பார்த்தார்.

"அட, அடியில ஊடு இருக்குதா? இது மேலயா நின்னுட்டிருந்தேன்?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

மேனேஜர் ஹாலுக்குள் போனார். அண்ணாந்து பார்த்தார். மேலே முப்பது ஆடு. கீழே ஒரு சத்தம் இல்லை. மண் உதிர்ந்திருக்கிறதா என்று தரையை விரலால் தடவிக்கூடப் பார்த்தார் மனுஷன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சரிம்மா, ஷீட் வேணாம். ரோட்டுல ஒரு போர்டு மட்டும் வச்சிருங்க. நானே தாண்டிப் போகப் பார்த்தேன்."

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன?

வீடு கட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதானே நாம் கிளிப்பச்சையும் ரோஸும் அடிக்கிறோம்? என் வீடும் ரோஸ்தான். 'எங்கம்மா கூரை?' என்று ஒருவர் கேட்பதற்காக இவள் ஒரு வருடம் பாடுபட்டிருக்கிறாள்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட முனியம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கத்தரிக்கோல் தேவைப்படாது — ஆடுகளும் வருகின்றன.