நான் வாசித்த அலை நேரங்கள்

என் அத்தைக்குக் கார் ஓட்டும் உரிமம் நான்காவது முயற்சியில்தான் கிடைத்தது. உடனே கார் வாங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரில் கார் விற்கிற விலைக்கு அது நடக்கிற காரியமா? ஆனால் அவர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு மணல் தீவுக்குப் போய், அங்கே ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஏழு நாள் சுற்றப் போவதாக அறிவிப்பார் என்றும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடவே டிசம்பர் விடுமுறையில் என்னையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. அன்று ராத்திரியே பள்ளிப் பையைக் காலி செய்து உடுப்புகளை அடுக்கிவிட்டேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. செங்காங்கில் ஓர் ஈரறை வீட்டில் தனியாக இருந்தார். ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என்னைக் கீழே கடைக்கு ரொட்டி வாங்க அனுப்பிவிடுவார்கள். அதனால் காரணம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ரொட்டிக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை.

சனிக்கிழமைதோறும் ஈசூனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிப்பார். நான்கு மூலையிலும் ஊறுகாய் பாட்டில், மைலோ டின், என் பென்சில் பெட்டி, அவர் கைப்பை. தீவு முழுக்க மணல்தானாம். தார்ச் சாலை கிடையாது. கடற்கரையே நெடுஞ்சாலை. டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டால்தான் வண்டி புதையாமல் ஓடும். காட்டு நாய்கள் மோப்பம் பிடித்து வரும் என்பதால் சாப்பாட்டைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அதற்காகத் தேக்காக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெரிய பெட்டியும், பூட்டும், புதைந்தால் தோண்ட மடக்கு மண்வெட்டி ஒன்றும் வாங்கினோம். மண்வெட்டியை நான்தான் எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. நாத்தனாரிடம் நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. அப்பா வழக்கம்போல நடுவில் நின்றார். கடைசியில், தீபாவளியன்று மாமா வரும்போது திட்டத்தைக் காட்டுவோம், அவர் சரி என்றால் சரி என்று முடிவானது. அம்மாவின் அண்ணனான மாமா துறைமுகத்தில் வேலை செய்தார். கடல் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

திட்டத்தில் மிக முக்கியமானது அலை நேரம். கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் மட்டுமே கரையில் வண்டி ஓட்டலாம். மற்ற நேரத்தில் சாலையே தண்ணீருக்குள் போய்விடும். அத்தை கணினியில் எடுத்து வந்த அட்டவணையை நான் வாசிக்க, அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஏழு நாளுக்கும் எழுதிவிட்டு, "நீதான் என் நேவிகேட்டர் லா, பாப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நாள்காட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருடாவருடம் ஊரிலிருந்து ஒருவர் கொண்டு வரும் நாள்காட்டி அது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் எல்லாம் இந்திய நேரத்தில் இருக்கும். அம்மா ஒவ்வொன்றோடும் இரண்டரை மணி நேரம் கூட்டித்தான் விரதம் இருப்பார். எட்டு வயதிலிருந்து அந்தக் கூட்டல் என் வேலை. எந்த ஊர் நேரத்தைப் பார்த்தாலும் நம் ஊர் நேரமாக மாற்ற வேண்டும் என்பது எனக்குக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவதுபோலப் பழகிவிட்டது. தீவின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது என்று அத்தையே சொல்லியிருந்தார். ஆகவே அட்டவணையில் பன்னிரண்டு என்று இருந்ததை மனத்துக்குள் கழித்துப் பத்து என்று வாசித்தேன். ஏழு நாளுக்கும் அப்படியே. சொல்லிக்காட்டாமல் செய்ததில் பெருமை வேறு.

தீபாவளி மதியம் கறிச்சோறு முடிந்ததும் மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். டயர், பெட்டி, தீவுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அத்தை சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அலை நேரத்துக்கு வந்ததும் மாமா கைபேசியை எடுத்தார். தீவின் அலை அட்டவணையைத் தேடி எடுத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தார்.

"இது யாரு எழுதினது? எல்லா நாளும் ரெண்டு மணி நேரம் முன்னாடி இருக்கு. அங்க டைம் வேற, இங்க டைம் வேற, அங்க போனா அங்க டைம்தான, அதுகூடப் பாக்கலையா? இத நம்பி எட்டு மணிக்குக் கரையில எறங்கினீங்கன்னா தண்ணி கதவு வரைக்கும் நிக்கும். பிள்ளைய வச்சுக்கிட்டு..."

அத்தை என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன்.

"நான்தான். தப்பா எழுதிட்டேன் போல" என்றார் அத்தை.

வாயைத் திறந்திருக்கலாம். மூன்றே வார்த்தை, 'நான்தான் அப்படி வாசித்தேன்.' வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிறவள் மாமாவின் முன்னால் முட்டாளாக வேண்டாம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஏதும் இருந்ததாக இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அக்கா" என்றார் அப்பா. அடுத்த வருடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அத்தை பாத்திரம் கழுவப் போனார். நான் பின்னாலேயே போய்க் குளிர்பெட்டி ஓரமாக நின்றேன். குழாயை மூடாமலே கேட்டார்.

"அமாவாசைக்குக் கூட்டுவியே, அந்த மாதிரியா?"

"இல்ல அத்தை. இதுக்குக் கழிக்கணும்."

"கணக்கு சரியாத்தான் போட்டிருக்கே" என்று ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டினார்.

டிசம்பரில் அத்தை எங்கும் போகவில்லை. விடுப்பு எடுத்திருந்தும் செங்காங் வீட்டிலேயே இருந்தார். கடலுக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் தோழிகளிடம் அப்படிச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

போன வருடம் நண்பர்களோடு அந்தத் தீவுக்குப் போய்வந்தேன். வண்டி கொடுத்தவர்கள் அலை நேரத்தை அச்சடித்து முன்கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தார்கள். சாவியைத் தருவதற்கு முன் இரண்டு முறை படித்தும் காட்டினார்கள். அத்தையின் நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 

திரும்பி வந்து அத்தை வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது முடி நரைத்துவிட்டது. மடக்கு மண்வெட்டி இன்னும் உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. என் கைபேசியில் தீவுப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பதினாறு வருடம் கழித்து அன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு அப்போதே தெரியுமே என்றார். அப்படியென்றால் நேரத்தைத் திருத்திக்கொண்டு அந்த டிசம்பரில் ஏன் தனியாகவாவது போகவில்லை என்று கேட்டேன்.

"தனியா இருக்கறதுக்கு எதுக்கு லா அவ்வளவு தூரம் போகணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அத்தைக்குத் தீவின் மேல் ஆசை என்று பதினாறு வருடமாக நினைத்திருந்தேன். ஏழு நாளைக்கு ஒரு பிள்ளையைத் தன்னை நம்பி விடுவார்களா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். விடமாட்டோம் என்று சொன்ன அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.