பதினோராவது அழைப்பிதழ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சனிக்கிழமைகள் எல்லாம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினி வகுப்பில் கழிந்தன. படிக்கப் போனது நான் அல்ல, அம்மா. என்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் கூடப் போனேன். கடைசி வரிசையில் ஒரு கணினி கெட்டுப்போய்க் கிடந்தது. அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். திரை எரியாது, விசைப்பலகை மட்டும் நன்றாகச் சத்தம் போடும். நான் அதில் என் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பேன். யாருக்கு என்ன எழுதுகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்பா அப்போது பாலத்துக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் இருந்தார். வேலை விஷயமாக என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஜொகூர் ஒன்றும் சந்திர மண்டலம் இல்லை. எங்கள் செங்காங் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேர் மளிகை வாங்கவும் முடி வெட்டிக்கொள்ளவும் பாலத்தைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தப் பாலத்தைக் கடக்க நேரம் கிடைக்கவில்லை. முதலில் வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசினார், பிறகு எப்போதாவது, பிறகு என் பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ். நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவருடைய செருப்பு வாசல் அலமாரியிலேயே இருந்தது. செருப்பை விட்டுவிட்டு யாராவது ஒரேயடியாகப் போவார்களா என்பது என் கணக்கு.

அம்மா கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவர். சிங்கப்பூரில் அவருக்குச் சொந்தம் என்று இருந்ததெல்லாம் அப்பாவின் சொந்தம்தான். அப்பாவின் பேச்சு குறைந்தபோது அவர்களுடைய பேச்சும் குறைந்துபோனது. தஞ்சோங் பகாரில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அம்மா தேநீர் கலக்கி, கோப்பைகள் கழுவி, மீட்டிங் ரூமைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே கிளார்க் வேலை பார்த்த பெண் பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டாள். கடிதம், மெமோ, மீட்டிங் குறிப்பு எல்லாம் கணினியில் அடிக்கத் தெரியும் என்று ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் அந்த இடத்தைத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் எங்கள் இருவரையும் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாக மாமா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பை கழுவிக்கொண்டு சிங்கப்பூரில் எத்தனை நாள் காலம் தள்ளுவாய் என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அதுதான் என்னுடைய பெரிய பயம். ஊர்மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. நாங்கள் போய்விட்டால், அப்பா வந்து பூட்டின கதவின் முன்னால் நிற்க வேண்டிவருமே என்பதுதான்.

அம்மாவுக்குத் தட்டச்சு புதிதல்ல. ஊரில் பள்ளிக்கூடம் முடித்த பெண்களைக் கல்யாணம் கூடி வரும்வரை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பிவைப்பார்கள். அம்மா லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். இந்தக் கணினி வகுப்பிலேயே அதிக வேகம் அவருக்குத்தான். அந்த வேகமே அவருக்கு வினையாகவும் இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பழைய ஞாபகத்தில் என்டரைத் தட்டிவிடுவார். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்துவார். பிறகு எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டியதும் கடிதம் மொத்தமும் சரிந்து, பாதி வரிகள் அநாதையாகத் தொங்கும். இரும்பு இயந்திரத்தில் பழகிய விரல்கள் என்பதால் அறை முழுக்க அவருடைய சத்தம்தான்.

"அக்கா, அடிக்காதீங்க. தொட்டாப் போதும்லா. கீபோர்டு பாவம்," என்பார் மிஸ்.

மிஸ் என்பது எங்கள் ஆசிரியை. முக்காடு போட்ட இளம்பெண். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு அதே தெருவில் கைலி, தொப்பி விற்கும் கடை இருந்தது. அவர் அப்படிச் சொல்லும்போது அம்மா சிரித்துவிடுவார். வாரம் முழுவதற்கும் சேர்த்து அம்மா சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் கூட்டமாகத் தேக்கா மார்க்கெட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். முதல் வாரம் எங்களையும் கூப்பிட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்திருப்பதாக அம்மா சொன்னார். இரண்டாவது வாரமும் அதையே சொன்னார். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிடுவோம். அந்தப் படிகளில் எனக்கு அலுப்பு தட்டிவிடும். எல்லோரும் ஐஸ் மைலோ குடிக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அழுகையாக வரும். சேர்ந்து சாப்பிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசிப் பாடம் மெயில் மெர்ஜ். ஒரே கடிதத்தை ஒருமுறை அடித்துவிட்டு, பெயரும் முகவரியும் உள்ள அட்டவணையை அதோடு இணைத்துவிட்டால், ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனிக் கடிதமாக வந்து விழும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் மிஸ் அதையே தேர்வாக வைத்துவிட்டார். அவரவர் வீட்டு விருந்துக்குப் பத்துப் பேரை அழைத்து, பத்துக் கடிதம் பிழையில்லாமல் அச்சிட்டுக் காட்ட வேண்டும். அட்டவணையை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வரலாம்.

காண்டோ குடியிருப்பு ஒன்றில் காவல் வேலை பார்க்கும் ஒரு அங்கிள் எழுந்து நின்றார். "பத்துதானா மிஸ்? என் மச்சான் பக்கமே இருபது பேரு இருக்காங்க. யார விட்டாலும் சண்டை வரும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா ஆள் தேடினார். முதல் வரியில் அவர் விரல்கள் அப்பாவின் பெயரைச் சடசடவென்று அடித்துவிட்டன. கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அழித்தார். அந்த இடத்தில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் பெயர் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், என் வகுப்பாசிரியை, மேனேஜர், பிரசவத்துக்குப் போன கிளார்க், பல் டாக்டரின் கிளினிக்கில் இருந்த அக்கா என்று பட்டியல் தட்டுத்தடுமாறி நகர்ந்தது. பத்தாவது ஆள் கிடைக்காமல் இரண்டு நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் மிஸ்ஸின் பெயரையே போட்டுவிட்டார்.

இத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு அப்பாவை மறந்துவிட்டாரே என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் வேகம் தெரிந்ததுதானே, தவறுதலாக அழித்திருப்பார். தேர்வன்று காலை, தொடங்குவதற்கு முன் அம்மா முகம் கழுவப் போயிருந்தார். நான் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்து, அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். முகவரி? அவருக்கு ஒரே ஒரு முகவரிதான் எனக்குத் தெரியும். எங்கள் செங்காங் வீட்டு முகவரியை அடித்துவிட்டு, பெரிய உதவி செய்துவிட்ட பெருமையோடு கடைசி வரிசைக்குத் திரும்பினேன்.

அம்மா கடிதத்தைத் தமிழில் அடித்திருந்தார். தீபாவளித் திருநாளை முன்னிட்டு எங்கள் இல்லத்தில் நடைபெறும் விருந்துக்குத் தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். ஒரு வரிகூடச் சரியவில்லை, தலைப்பு நட்டநடுவில் நின்றது. பிரிண்டர் மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. தாள்களை எடுத்துக் கொடுக்கும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். சூடாக ஒவ்வொன்றாக வந்தன. மிஸ் தன் பெயரைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கிவிட்டு அடுத்ததைப் பார்த்தார்.

"அக்கா, இங்க வாங்க. பத்துதானே கேட்டேன், பதினொன்னு வந்திருக்கு. அதோட இந்தக் கடைசித் தாள்ல, அனுப்புறவங்க அட்ரஸும் வாங்குறவங்க அட்ரஸும் ஒண்ணாவே இருக்கு. எங்கயோ தப்பா மெர்ஜ் ஆயிருக்கு. இப்படியே விட்டா நான் பாஸ் போட முடியாதுலா."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"தப்பா மெர்ஜ் ஆகல மிஸ்," என்றார் அம்மா. "அவரு என் வீட்டுக்காரரு. இப்ப அந்த வீட்டுல இல்ல. வரவும் மாட்டாரு."

அங்கிள் குனிந்து தன் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. விருந்துக்கு வர முடியாதென்றால் அதை அப்பா அல்லவா சொல்ல வேண்டும், அம்மாவே எப்படி முடிவு செய்யலாம்?

மிஸ் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னும் டைம் இருக்கு. லிஸ்ட்டத் திறங்க." அம்மாவின் விரல் அழிக்கும் விசைக்குப் போனது. மிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்க வேணாம்க்கா. பேரு பக்கத்துல ஒரு டிக் இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க. லிஸ்ட்ல இருப்பாரு. லெட்டர் போகாது."

அம்மா மவுஸைப் பிடித்தார். டிக்கை எடுத்தபோது துளிச் சத்தம் இல்லை. பிறகு பத்துக் கடிதங்கள் மறுபடியும் வந்தன. மிஸ் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். தன் பெயருக்கு வந்திருந்ததை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கண்டிப்பா வருவேன்க்கா," என்றார். அம்மா தலையை ஆட்டினார்.

ரயிலில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது.

"பாஸாயிட்டீங்கல்ல மா? அப்ப ஊருக்குப் போக வேணாம்தானே?"

"வேணாம்."

"அந்த டிக்க எப்ப வேணும்னாலும் திரும்பப் போடலாமா?"

"போடலாம்," என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அப்பாவுக்கு ஜொகூரில் வேறொரு வீடும், அந்த வீட்டில் என்னைவிடச் சின்னதாக ஒரு பெண் குழந்தையும் இருந்தது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அம்மாவுக்கு அன்றே தெரியும். கைப்பையிலிருந்து பதினோராவது தாளை எடுத்து அவர் மெல்லப் படித்தார். நானும் தோளோரமாக எட்டிப் பார்த்தேன். குடும்பத்துடன் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் அதற்குமேல் படிக்கவில்லை. எனக்கும் அந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"அப்பா குடும்பத்தோட வந்தா, நாமளும் அவரோட வெளியதான நிக்கணும்? அப்ப உள்ள இருந்து யாரும்மா கதவத் திறப்பா?"