அம்மாவுக்கு இருநூறு மீற்றர்

அரிசி அளக்கிற சுண்டைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள், அதைச் சுற்றித் திருப்பக்கூடிய ஒரு வளையம், கீழே மூன்று குமிழ்கள். போன கிழமை அண்ணையின் மகள் ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். முதல் குமிழ் தூரத்துக்கு, இரண்டாவது காற்றுக்கு. இரண்டும் இலகுவாகச் சுழல்கின்றன. மூன்றாவது, கணக்கில் சேர்க்காமல் கைமிச்சமாய் ஒதுக்கிவைக்கிற உயரத்துக்கு. அதை மட்டும் அசைக்க ஏலாது. யாரோ இருநூறில் வைத்து, சிவப்பு நகப்பூச்சால் அசையாமல் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணைதான். அதைக் கண்டதிலிருந்து ஓரிடத்தில் நிம்மதியாய் இருக்க முடியவில்லை எனக்கு.

அப்பாவுக்குத் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. எண்பத்துமூன்றில் அதை எரித்தார்கள். அப்பா உடுத்த சாரத்தோடு எங்கள் தீவில், கரம்பொன்னுக்கு வந்துசேர்ந்து, அடுத்த வருடமே கண்ணை மூடினார். கடையை அவருக்குப் பிறகு நடத்தவிருந்த அண்ணை, ஜேர்மனிக்குப் போய் ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவினார். அந்த ஊரின் எல்லையில் எஞ்சின் இல்லாத விமானங்கள் பறக்கிற புல்வெளி ஒன்று இருந்ததாம். ஞாயிறுகளில் போய் வேடிக்கை பார்த்தார், பிறகு விமானங்களைத் தள்ளிக் கொடுத்தார், புல் வெட்டினார். கடைசியில் அவர்களே அவருக்குப் பறக்கவும் பழக்கிவிட்டார்கள். ‘எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை, சூட்டுக்கு மேலெழும்புகிற காற்றில சுத்திச் சுத்தி ஏறிப் பிறகு சறுக்கிக்கொண்டு போறது’ என்று அவர் எழுதியபோது, ‘உங்களுக்கு முத்தின விசர்’ என்று பதில் போட்டேன். குண்டு போடுகிற விமானங்களுக்குப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒருவர் ஆசைக்காக ஆகாயத்தில் ஏறுகிறார் என்பது எப்படி விளங்கும்?

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அதை அண்ணைக்கும் எழுதியிருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது, கடிதங்களை நான்தான் வாசிப்பேன். விமானம் வருகிற இடமெல்லாம் விட்டுவிட்டு வேறு ஏதாவது சேர்த்து வாசிப்பேன். எவ்வளவு நீளமாக வாசித்தாலும் முடிவில் அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: “அவனுக்குப் போகேக்க இருந்த அந்த இருமல் விட்டுதாமோ?” அண்ணை ஒருநாளும் இருமலைப் பற்றி எழுதியதில்லை. “விட்டுட்டுதாம் அம்மா, இப்ப பெரிய கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டிருக்கிறாராம்” என்று நான் அடித்துவிடுவேன். சில நாட்களில் அண்ணையை எனக்கு மிகவும் பிடிக்கும், நான் எழுதிய அண்ணையை.

தீவில் கரண்ட் நின்றபிறகு, தபால் கப்பலில் வந்தால் வரும் என்றிருந்த ஒரு சோளகக் காற்றுக் காலத்தில், தடித்த கடித உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு ஆங்கிலக் கைநூல்கள். ‘ரெண்டு பெட்டி பழசா விலைக்கு வந்திருக்கு. ரெண்டும் பறக்கிறவனுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லுற பெட்டி. எது நல்லது எண்டு பாத்துச் சொல்லு. கணக்கு ரீச்சர் நீ, உனக்குத்தான் விளங்கும்’ என்று அண்ணை எழுதியிருந்தார். அம்மா கைநூல்களைத் தடவிப் பார்த்து, “படிக்கிறானோ?” என்று கேட்டார். “ஓம் அம்மா, பெரிய படிப்பு” என்றேன்.

வாசிக்க வாசிக்க எனக்கு அந்தக் கணக்குப் பிடித்துவிட்டது. கிடக்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இப்போது இருக்கிற உயரத்திலிருந்து சறுக்கினால் வீட்டுக்குப் போய்ச் சேரலாமா, இல்லையா? எஞ்சின் இல்லாதவனுக்கு உயரம்தான் எண்ணெய். முதல் பெட்டி முள்ளால் காட்டும், இரண்டாவது இலக்கத்தில் எழுதும். முதலாவதில் காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதைப் புறப்படும்போது நாமே குமிழில் வைக்கவேண்டும். இரண்டாவது கெட்டிக்காரப் பெட்டி. தெரிந்த ஓர் ஊருக்கு மேலால் போகும்போது பொத்தானை அழுத்தினால், தான் நினைத்த இடத்தையும் உண்மையாக நிற்கிற இடத்தையும் ஒப்பிட்டுக் காற்றைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் பற்றரியை முதலாவதைப்போல மூன்று மடங்கு குடிக்கும்.

நாங்கள் அப்போது செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாட விடுவோம். செத்த ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னொரு நாளைக்கு உயிர்ப்பிப்போம். பற்றரி கொண்டுவந்தால் சோதனைச்சாவடியில் பறிப்பார்கள். அப்படி இருந்த நான், கொப்பியில் கோடு போட்டுப் பத்துத் தலைப்பில் புள்ளி கொடுத்தேன். பற்றரிக்கு முதலாவதுக்குப் பத்துக்குப் பத்து. பற்றரி செத்தாலும் வளையத்தைக் கையால் திருப்பிக் கணக்குப் பார்க்கலாம் என்பதற்கு இன்னும் ஐந்து. காற்றைத் தானே திருத்துகிற வித்தைக்கு இரண்டாவதுக்குப் பூச்சியம். வெளியே சோளகம் வைகாசியிலிருந்து இரவு பகலாக ஒரே பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பனைகளெல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன. காற்று என்றால் காற்று, அதை ஒரு பிரயாணத்துக்குள் பத்துத் தரம் போய் ஏன் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். ‘ஆடம்பரம்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதியும் வைத்தேன், மகா கெட்டிக்காரி!

முதல் பெட்டி எட்டுப் புள்ளியால் வென்றது. கொப்பித் தாளைக் கிழித்து அண்ணைக்கு அனுப்பினேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மூன்றாவது குமிழில் எப்பவும் இருநூறு மீற்றர் வையுங்கோ. கணக்குக்கு அது தேவையில்லை. அது அம்மாவுக்கு.’ அம்மா சோறு போடும்போது எங்கள் வயிறு நிறைந்தபிறகும் ஒரு அகப்பை கூடப் போடுவாரே, அந்த ஞாபகத்தில்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு சண்டை தீவுக்கு வந்தது. ஐப்பசியில் எல்லோரும் ஊரை விட்டு எழும்பினோம். மண்ணெண்ணெய் இல்லாததால் பாய் கட்டின தோணியில் எதிர்க்கரைக்கு, அராலிப் பக்கம் கடந்தோம். தோணிக்குள் பதினாறு பேர், என் மடியில் அம்மாவின் வெற்றிலைத் தட்டம். கரையை விட்டபோது சோளகத்தின் கடைசி மூச்சு முதுகுப்பக்கம் இருந்தது. நடுக்கடலில் அது நின்றது. பாய் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு நேரே, வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்தது. தோணிக்காரர் பாயை மறுபக்கம் மாற்றிக் கட்டி, “இனிச் சுத்தித்தான் போகவேணும், கொஞ்ச நேரம் செல்லும்” என்றார். எல்லோரும் கடற்படைப் படகு வருமோ என்று பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அந்தக் கொப்பித் தாளின் கட்டம் கண்ணுக்குள் வந்தது. பூச்சியம் கொடுத்தேனே! காற்று மாறினால் அந்தப் பெட்டிக்கு மாறினது தெரியாதே! வீட்டுக்குப் போய்ச் சேரலாம், போய்ச் சேரலாம் என்று பொய் சொல்லிக்கொண்டே அண்ணையை நிலத்துக்கு இறக்குமே!

அன்றிரவே உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினேன்: ‘நான் பிழை விட்டிட்டன். மற்றப் பெட்டியை எடுங்கோ.’ எழுதி என்ன? தபால் போகவில்லை. கொழும்புக்குப் போகிற ஆட்களைத் தேடித் தேடித் திரிந்தேன். ஒருவர் வாங்கிப் போய் வழியில் திரும்பி வந்தார். இன்னொருவர் வாங்கவே பயந்தார். பள்ளிக்கூடம் முடிய நேரே தபாற்கந்தோர், அங்கிருந்து கூட்டுறவுச் சங்கக் கடை வாசல், அங்கிருந்து யாராவது பயணப்படுகிற வீட்டுப் படலை. சாப்பாடு இறங்காது, படுத்தால் புரண்டுகொண்டிருப்பேன், பிள்ளைகளின் கொப்பியில் சரிக்குப் பிழை போட்டேன். “ஏன் பிள்ளை, காலில சுடுதண்ணி ஊத்தினவள் மாதிரி ஓடித்திரியிறாய்?” என்று அம்மா கேட்பார். என்னவென்று சொல்ல? மாசியில்தான் ஒரு கன்னியாஸ்திரி அந்தக் கடிதத்தைத் தன் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

வைகாசியில் அண்ணையின் கடிதம் ஒன்று வந்தது. கையில் வாங்கியபோதே பிரித்துவிட்டேன். ‘உன்ர பெட்டியை வாங்கிப் பூட்டியாச்சு. சித்திரையில காலநிலை சரிவந்தால் முந்நூறு கிலோமீற்றர் போய்த் திரும்பப்போறன்.’ சித்திரை முடிந்து பன்னிரண்டு நாள். நடக்கவேண்டியது நடந்து முடிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாது. அன்று அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது ஒரு வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். அம்மா இருமலைக் கேட்டார். “விட்டுட்டுதாம்” என்றேன். எழும்பிக் குசினிக்குப் போய், பானையைப் பார்க்கிற சாட்டில் அழுதேன். ஆனி போனது. ஆடி போனது. எனக்கு அண்ணை மேலேயே ஆத்திரம் வந்தது. கோப்பை கழுவப் போன மனிதனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை? எனக்கும்தான் என்ன வேலை, கண்ணால் காணாத பெட்டிக்குப் புள்ளி போட?

ஆவணியில், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் கடிதம் வந்தது. உறையில் அண்ணையின் எழுத்து. அதைக் கண்டதும் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன், பிறகுதான் பிரித்தேன். மத்தியானம் முதுகுப்பக்கம் நின்ற காற்று பின்னேரம் முகத்துக்கு வந்துவிட்டதாம். பெட்டியின் கணக்கில் அவர் வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டார், உண்மையில் முன்னால் பெரிய காடு கிடந்தது. முள் சுகமாய்ப் போய்ச் சேரலாம் என்று காட்டிக்கொண்டிருக்க, மரங்கள் மேலே மேலே வந்தன. ‘கடைசி மரத்துக்கு மேலால வரேக்க கையில மிஞ்சினது ஒரு பனை உயரம்தான். காடு முடிய ஒரு பீற்றூட் தோட்டத்தில இறங்கினன். ஒரு கீறல் இல்லை. பெட்டியை மாத்தச் சொன்ன உன்ர கடிதம் பிறகுதான் கிடைச்சது. அம்மான்ர இருநூறு மட்டும் இல்லாட்டி நான் காட்டுக்குள்ள. இனி ஒளிக்காதை. இதை அம்மாட்டச் சொல்லு.’

ஓடினேன் வீட்டுக்கு. அம்மா முற்றத்து நிழலில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். கடிதத்தைப் பிரித்தேன். வாய் பழகின வழியிலேயே போனது. “நான் நல்ல சுகம், அம்மாவைக் கேட்டதாய்ச் சொல்லு...” சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் பொய் என்று, என் கணக்கு அண்ணையைக் கொல்லப் பார்த்தது என்று. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளைக்கும் அதையேதான் நினைத்தேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு மறுபடியும் எழும்பினோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நாலு நாள் காய்ச்சலில் அம்மா போய்விட்டார். தன் மகன் பறந்தவன் என்பதும் தெரியாது, அவனைத் தான் ஒரு காட்டைக் கடத்திவிட்டதும் தெரியாது.

பெட்டி வந்த அன்று பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். இருதயம் சரியில்லையென்று வைத்தியர் மறித்ததால் இரண்டு வருடமாய்ப் பறப்பதில்லை.

“பெட்டி வந்ததோ?”

“வந்தது. அந்தப் பழம் பெட்டியை ஏன் இவ்வளவு காலமும் வைச்சிருந்தனீங்கள்? பிறகாவது மற்றதை வாங்கியிருக்கலாமே.”

“இங்க எல்லாரும் முதலே மற்றதைத்தான் எடுக்கச் சொன்னவை. நீ சொன்னனீ, இதை எடுத்தனான். பிறகு மாத்த மனம் வரேல்லை. காற்றைத்தான் நானே பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தன். மூண்டாவதில கை வைக்கேல்லை.”

பெட்டியை எடுத்து மடியில் வைத்தேன். பிறகு அவர் கேட்டார்.

“அம்மாட்டச் சொன்னனியெல்லே, அந்த இருநூறு மீற்றரை?”

வெளியே சோளகம் பனைகளில் இரைந்துகொண்டிருந்தது. முப்பது வருடமாக அவர் அம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பறந்திருக்கிறார்.

“ஓம், சொன்னனான்” என்றேன்.

“கேட்டிட்டு என்ன சொன்னவ?”

அம்மாவுக்காக அண்ணையின் கடிதங்களை எத்தனை தரம் இட்டுக்கட்டியிருப்பேன். அண்ணைக்காக அம்மாவின் பேச்சை ஒருதரமும் இட்டுக்கட்டியதில்லை.

“‘இருநூறு காணாது, முந்நூறா வைக்கச் சொல்லு’ எண்டவ” என்றேன். “பிறகு, இருமல் விட்டுதோ எண்டு கேட்டவ.”

அண்ணை பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறாக மாறியது.

“அது அம்மாதான்” என்றார்.

போனை வைத்துவிட்டு, அந்த மூன்றாவது குமிழை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பூச்சு விடவில்லை. இருநூறிலேயே நிற்கட்டும் என்று பெட்டியைக் காலுறைக்குள் வைத்து, அலுமாரியில் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.