ஒன்றரை மணி வண்டிக்கு முன் ஒரு கிங்ஸ் கேம்பிட்

2006 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் விடுமுறை நாள். காலையில் வாரத் துணிகளைத் துவைத்து மாடியில் காயப் போட்டேன். நஜ்மா கடைத்தெருவில் முடி வெட்டிக்கொண்டு, குளித்து, ஊருக்குப் போன் பேசிவிட்டு, தமிழ்ச் சங்கத்தின் சதுரங்கப் போட்டிக்குப் போனேன். அரையிறுதி. ஜும்மா தொழுகை முடிந்து பன்னிரண்டரைக்கு ஆட்டம். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

எதிரில் உட்கார்ந்தவர் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்விட்டு, டூட்டிக்கான வெள்ளைச் சீருடையிலேயே வந்திருந்தார்.

“சார், ஒண்ணரைக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துரும். அதுக்குள்ள முடிஞ்சிரும்லா?”

“முடியலைன்னா?”

“நான் எந்திச்சுப் போயிருவேன். நீங்க பைனல்.”

நான் மெதுவாக ஆடுகிறவன். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயைத் தள்ளினார், நானும் தள்ளினேன். உடனே பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து என் சிப்பாய் வெட்டும் இடத்தில் வைத்தார். கிங்ஸ் கேம்பிட், சிப்பாயைப் பலி கொடுத்துத் தாக்கும் தொடக்கம். புத்தகத்தில் பார்த்ததுண்டு, எனக்கெதிராக யாரும் ஆடியதில்லை. வெட்டினேன். மந்திரி வெளியே வந்தது. என் ராணியை ஓரத்தில் இறக்கிச் செக் வைத்தேன். அவர் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த ராஜா இனி கோட்டை கட்டி ஒதுங்க முடியாது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நேரமில்லாதவர் வேண்டுமென்றே எடுத்த தொடக்கம் இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய குதிரைகள் என் ராணியை விரட்டிக்கொண்டே வெளியே வந்தன. என் காய்களில் பாதி நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்றேகாலுக்குத் தன் யானையை என் ராணிக்கு எதிரே காவலில்லாமல் சும்மா நிறுத்தினார்.

என் அறை நண்பர் காதருகே குனிந்தார். “அண்ணே, கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. கால் மணி நேரம். கலாஸ், ஆட்டம் முடிஞ்சுது!”

நர்ஸ் சிரித்தார். “அண்ணன் சொல்லது சரிதான் சார். ரூல்ல எடம் இருக்கு.”

என் கடிகாரத்தில் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் அந்த யானை ஏன் அங்கே நிற்கிறது? எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. உட்கார்ந்தே இருந்தால் கடைசிவரை தெரியாது.

வெட்டினேன்.

குதிரையால் செக். என் ராஜா ஒதுங்கியது. மூலையிலிருந்து மந்திரி வந்து நின்றது. செக்மேட். கைகளில் மயிர் சிலிர்த்தது. அவ்வளவு காய்களை வைத்துக்கொண்டிருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெளியே ஹாரன் கேட்டது. “பைனலுக்கு டூட்டி மாத்தச் சொல்லணும்,” என்று அவர் ஓடினார்.

“பெரிய தர்மராசா!” என்றார் நண்பர்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பலகையை விரித்தேன். வெள்ளைக் காய்களை என் பக்கம் அடுக்கி, ராஜாவின் சிப்பாயைத் தள்ளினேன். பிறகு அதன் பக்கத்துச் சிப்பாயையும்.